மாடு வளர்த்த பேட்டை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். இனத்துக்கு ஒரு பகுதி என அவர் நகரைப் பிரித்தார், இந்தியர்களுக்கு வாய்த்தது சிராங்கூன் சாலை என்பது கதை. 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தின் முன் இந்தக் கதை நிற்காது. சூலியா கம்போங் என்று அதில் இந்தியர்களுக்குக் குறித்த இடம் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருந்தது. 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் மாரியம்மன் கோயிலை எழுப்பியதும் சவுத் பிரிட்ஜ் சாலையில், இன்றைய சைனாடவுனின் நடுவில். சிராங்கூன் சாலை அப்போது தீவின் உட்பகுதிக்குச் செல்லும் குதிரைப் பாதை, அவ்வளவுதான். இந்தப் பேட்டையை எந்த அதிகாரியும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. சுண்ணாம்பும் செங்கல்லும், எல்லாவற்றுக்கும் மேலாக மாடும்தான் ஆட்களை இங்கே இழுத்தன.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் இந்தப் பேட்டை. வீடு கட்ட உதவாத சதுப்பு, மாட்டுக்கோ தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில். அந்த நாளில் மாடு பாலுக்கு மட்டும் அல்ல. வண்டி இழுத்தது, செக்குச் சுற்றியது, மாவரைக்கும் கல்லை நகர்த்தியது. அதனால் தொழுவம் வந்த இடத்துக்கு எண்ணெய் ஆலையும் பிரம்பு வேலையும் அன்னாசித் தொழிலும் பின்னாலேயே வந்தன. 1840களில் தொடங்கிய குதிரைப் பந்தயம் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்தது. டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கு முன்பு அங்கிருந்த பழைய பள்ளிவாசலில் தொழுதவர்களில், பந்தயத் திடலில் வேலை பார்த்த தென்னிந்தியக் குதிரைக்காரர்களும் உண்டு. 1825 முதல் கப்பலில் வந்திறங்கிய இந்தியக் கைதிகள் சிராங்கூன் சாலைச் சூளைகளில் செங்கல் அறுத்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றார்கள். சுற்றிலும் சுண்ணாம்புக் காளவாய்கள். வேலைத்தலத்தின் பெயரால் சாமிக்கு முகவரி சொன்ன ஊர் இது.

ஒதுக்கீடு இல்லை என்றாலும் கூடியவர்கள் இந்தியர்கள்தானே, விளைவு ஒன்றுதானே என்று கேட்கலாம். கூடியவர்கள் இந்தியர்கள் மட்டும் அல்ல என்பதே பதில். பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் தந்த மாட்டு வியாபாரி, கொல்கத்தாவிலிருந்து வந்த யூதர். கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டு வாக்கில் மாளிகை கட்டிய டான் டெங் நியா, மிட்டாய்த் தொழில் நடத்திய சீனர். ரேஸ் கோர்ஸ் சாலையில் 1927இல் புத்தர் கோயில் அமைத்தவர் தாய்லாந்துத் துறவி. மாட்டில் பெரும் பணம் பார்த்த காரைக்கால்காரர் மூனா காதர் சுல்தானோ, தம் காரைக்கால் மஹாலைக் கட்டியது இந்தப் பேட்டையில் அல்ல, காற்று வரும் காத்தோங்கில். சாணமும் ஈயும் தொழிலாளிக்கு, கடற்காற்று முதலாளிக்கு! சதுப்பைத் தூர்த்து, சுகாதார விதிகளை இறுக்கி, 1930களில் மாட்டுத் தொழிலை நகராட்சி வெளியேற்றிய பிறகுதான் துணிக்கடையும் நகைக்கடையும் பூக்கடையும் தேக்கா எனப்படும் இந்தப் பேட்டையின் முகமாயின. ஆக, இந்த இடத்தின் இந்தியத்தன்மை அதன் முதல் தொழில் மறைந்த பின்னரே அடர்த்தியானது.

அப்படியானால் லிட்டில் இந்தியா என்பதே சுற்றுலாத் துறை ஒட்டிய சீட்டு, போலி என்பவர்களும் உண்டு. பெயர் பிந்தியதுதான். ஆனால் 1989இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் இதைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திராவிட்டால், இந்தக் கடைவீட்டு வரிசைகளில் பாதிக்கு மேல் இன்று அடுக்குமாடிகளாக நிற்கும். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. குறை வேறு இடத்தில். பாதுகாப்பு விதி சுவருக்கும் சன்னலுக்கும் ஐந்தடி நடைபாதைக்கும் காவல் நிற்கிறது; உள்ளே என்ன தொழில் நடக்கிறது, யார் வந்து போகிறார்கள் என்பது அதன் கணக்கில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் கட்டுமான ஊழியர்களை இந்த மரபின் வாரிசுகள் என்று நான் சொல்வதற்கு உடனே மறுப்பு வரும்: அவர்கள் ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள், திரும்பிப் போகிறவர்கள். செங்கல் அறுத்த கைதியும் இங்கே குடியேற வந்தவர் அல்ல; தொழுவத்து ஆளும் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். பிற்பாடு அவர்களில் சிலர் தங்கினார்கள். தங்க உரிமை இல்லாதது இன்றைய ஊழியரின் விருப்பம் அல்ல, வேலை அனுமதியின் நிபந்தனை. 2013 டிசம்பர் 8இல், ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி ஒரு தமிழக ஊழியர் இறந்த இரவு கலவரம் மூண்டது. 2015இல் காம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, அந்தக் கலவரத்தைத் தொடர்ந்து வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைக் கெய்லாங்கோடு சேர்த்துத் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்கியது. ஒரே தெருக்களில் வேலை செய்த பழைய கூலிக்குக் காட்சிக்கூடமும் புதிய கூலிக்குக் கண்காணிப்பும் ஒரே ஆண்டில் கிடைத்தன.