மூதாதையர் தேடல்: மதுரை வட்டாரத்து உழைப்பாளர் குடும்பங்கள்

மதுரை நகரிலும் அதைச் சுற்றிய வைகைச் சமவெளியிலும் உழவு, நெசவு, ஆலை வேலை, தோட்டக் கூலி ஆகியவற்றால் பிழைத்த குடும்பங்களின் முன்னோரைப் பதிவேடுகள் வழியாகவும் ஊர் நினைவு வழியாகவும் கண்டறியும் முயற்சியை இக்கட்டுரை விவரிக்கிறது. பாளையக்காரருக்கும் ஜமீன்தாருக்கும் செப்பேடும் வம்சாவளியும் உண்டு. கூலிக்காரரின் பெயரோ, அதை எழுதிவைக்க யாருக்குத் தேவை இருந்ததோ அவருடைய ஏட்டில்தான் கிடைக்கும். குருவானவருக்கு ஆன்மாவின் கணக்கு வேண்டியிருந்தது, காவல்துறைக்கு ஆளின் அடையாளம், தோட்டத் துரைக்கு உழைக்கும் கை, ஊருக்கு வரி. ஆகவே இத்தேடலின் முதல் கேள்வி, பாட்டனின் பெயரை யார், எதற்காக எழுதியிருப்பார் என்பதே.

இங்கிலாந்து முன்மாதிரி

உழைப்பாளர் குடும்ப வரலாறு ஒரு தனித் துறையாக வளர்ந்த நாடுகளில் இங்கிலாந்து முதன்மையானது. 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் ஏட்டில் ஏறின. 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது. அதில் தகப்பனின் தொழிலையும் எழுத வேண்டும் என்பதால் பண்ணைக் கூலியும் நெசவாளியும் தொழிலோடு பதிவாயினர். 1837இல் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது. 1841 முதல் குடிக்கணக்கெடுப்பின் பெயர்த்தாள்கள் பாதுகாக்கப்பட்டன. 1851இல் பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் சேர்ந்தன. நூறாண்டு கழிந்தபின் அவை பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921 கணக்கெடுப்பு 2022இல் அவ்வாறு வெளியானது. பங்கு ஏட்டில் ஒரு தலைமுறை, கணக்கெடுப்புத் தாளில் அடுத்த தலைமுறை என இரண்டையும் முடிச்சுப் போட்டே அங்கே கூலிக்குடும்பங்கள் பல தலைமுறை பின்னோக்கிச் செல்கின்றன. மதுரையில் இந்த இரண்டில் ஒன்று மட்டுமே உண்டு. அதுவும் எல்லோருக்கும் இல்லை.

எண்ணப்பட்டனர், பெயர் நிற்கவில்லை

சென்னை மாகாணத்தில் 1851 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடித்தொகை மதிப்பீடு நடந்தது. 1871இல் முதல் முழுமையான கணக்கெடுப்பும், 1881இல் நாடு முழுவதற்கும் ஒரே காலத்துக் கணக்கெடுப்பும் நடந்தன. கணக்கெடுப்பவர் வீடுதோறும் பெயர், வயது, சாதி, தொழில் எல்லாம் எழுதினார். ஆனால் கூட்டல் முடிந்ததும் அந்தத் தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. அச்சான அறிக்கைகளில் தொகைகள் மட்டுமே நிற்கின்றன. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனியார் விவரத் தாள்களை எவரும் பார்வையிட முடியாது என்கிறது.

ஆனாலும் இந்த அறிக்கைகளைத் தள்ளிவிட முடியாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் எடுத்த 1881 கணக்கில், மதுரை ஜில்லாவின் மக்கள்தொகை 1871ஐவிடக் குறைவாக இருந்தது. ஒரு குடும்பத்தின் கொடிவழி அந்தப் பத்தாண்டில் திடீரென அறுந்து நின்றால், பஞ்சச் சாவையும் பஞ்சம் பிழைக்கப் போனதையும் காரணமாக எண்ணிப் பார்க்கலாம். 1868இல் ஜே. எச். நெல்சன் எழுதிய மதுரை நாட்டு நூலும், 1906இல் வந்த டபிள்யூ. பிரான்சிஸின் மாவட்டக் கையேடும் இவ்வகைப் பின்னணிக்கு உதவும். 1910இல் இராமநாதபுரம் தனி ஜில்லாவாகும்வரை அதன் பெரும்பகுதி மதுரை ஜில்லாவில் இருந்தது என்பதை மறந்தால் தேடல் தவறான அலுவலகத்தில் போய் நிற்கும்.

கோயில் ஏடுகள்

மதுரையில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கே பங்கு ஏடு என்ற வாய்ப்பு உண்டு. திருமுழுக்கு, திருமண ஏடுகளை வைத்திருப்பது திரிதெந்து பொதுச்சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கப் பங்குகளின் கடமையானது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதால் மறைப்பணித் தொடர் அறுந்தது. 1837இல் பிரெஞ்சு இயேசு சபையினர் புதிய மதுரை மிஷனைத் தொடங்கினர். அந்த ஆண்டுகளில் கோவாக் குருமாருக்கும் இவர்களுக்கும் அதிகாரப் பிணக்கு இருந்ததால் ஒரே வட்டாரத்தில் இரு தரப்புக் கோயில்கள் இயங்கின. ஓர் ஏட்டில் அகப்படாத பிள்ளை மற்றதில் இருக்கக்கூடும். மதுரை மறைமாவட்டம் 1938இலும் உயர்மறைமாவட்டம் 1953இலும் உருவாயின. ஞானஸ்நான ஏடு பொதுவாக அந்தந்தப் பங்கிலேயே இருக்கும். மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பழைய ஞானஸ்நானக் குறிப்பொன்றில் தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவின் ஒப்பம் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். பல ஏடுகளில் சாதியும் இருக்கும். எழுதியவர் லத்தீன் மொழியில் எழுதினால் வீட்டில் இராயப்பன் என்று அழைத்த பிள்ளை ஏட்டில் பேத்ருஸ் ஆவான். சின்னப்பன் பவுலுஸ் ஆவான். சூசை யோசேப்புஸ் ஆவான். இதை அறியாதவர் கண்முன் இருக்கும் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் என்பதால், அவர்கள் பெயரைப் பிடித்து அத்தை வீட்டையும் மாமன் வீட்டையும் கண்டுவிடலாம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானக் குறிப்பின் ஓரத்திலேயே எழுதச் சொன்னது. பிழைப்புக்காக வெளியூர் போனவரின் தடம் அந்த ஓரக் குறிப்பில் கிடைக்கக்கூடும். திருமணத்துக்கு முன் கோயிலில் அதை அறிவிக்கும் ஓலை வாசிக்கும் வழக்கத்தால் மணமக்கள் இருவரின் பங்கும் தெரியவரும். கிராமங்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் வைத்திருந்த குறிப்பு நோட்டும் தேடத்தக்கது.

சீர்திருத்தச் சபைகளில் முதன்மையானது 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன். அதன் குருமடம் 1845 முதல் பசுமலையில் நடந்தது. இச்சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. மிஷன் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளின் பெயரையும் தகப்பன் பெயரையும் தருகிறது. முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் இதே பணியைச் செய்கிறது.

முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும்

சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. கிராமத்தில் முன்சீப்பும், 1866இல் அமைந்த மதுரை நகராட்சி எல்லையில் நகராட்சியும் பதிவு செய்தன. பிறப்புப் பதிவில் பல பிள்ளைகளுக்குப் பெயர் இருக்காது. ஆண் அல்லது பெண் என்ற குறிப்பும் தகப்பன் பெயரும் மட்டும் இருக்கும், ஏனென்றால் பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிடும். பெயரைத் தேடுவதைவிடத் தகப்பன் பெயரையும் ஊரையும் பிடித்துத் தேடுவதே இங்கே பலன் தரும். இன்றைய பதிவு 1969ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி நடக்கிறது.

நிலம் இருந்தவருக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், செட்டில்மென்ட் பதிவேடு ஆகியவை உண்டு. நிலமில்லாப் பண்ணையாளுக்கு இவை எதுவும் இல்லை. இதில் ஒரு விதிவிலக்கு முக்கியமானது. கண்மாய் மடை திறந்த நீர்பாய்ச்சி, தோட்டி, வண்ணார், தச்சர் போன்ற ஊர் ஊழியருக்கு மானிய நிலம் இருந்த ஊர்களில், 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் அந்த மானியத்தையும் அதை அனுபவித்தவரையும் குறித்தன. ஊரின் கடைக்கோடியில் வைக்கப்பட்ட குடும்பத்துக்கு அதுவே மிகப் பழைய எழுத்தாக இருக்கலாம். மாகாண அளவிலான ஆவணங்கள் 1909இல் எழும்பூரில் அமைந்த ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பரம்பரைக் கிராம அதிகாரிகள் 1980இல் நீக்கப்பட்டபோது பழைய கணக்குகள் கைமாறின. அதனால் முன்னாள் கணக்குப்பிள்ளை, முன்சீப் வீடுகளிலும் விசாரிப்பது நல்லது.

ரேகைப் பதிவு

1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டது. 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. வயது வந்த ஆண்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம், கைரேகை எல்லாம் பதிவாயின. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பலர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் நீங்கியது.

பிறந்த குடும்பத்தையே குற்றமாக்கிய இந்த அநீதியின் ஏடுகள் உயிரோடு உள்ள இடங்களில், அவற்றில் தகப்பன், பாட்டன் பெயர்கள் ஊரோடு நிற்கின்றன. பாட்டனார் பெயரை அங்கே காண்பது பேரனுக்கு வலிக்கும். குற்றம் செய்தார் என்று அந்தப் பதிவு சொல்லவில்லை. பிறந்தார், இந்த ஊரில் வாழ்ந்தார், ஒடுக்கப்பட்டார் என்றுதான் சொல்கிறது. அவ்வாறே படிக்க வேண்டும். இங்கிலாந்திலும் ஏழை நிவாரணம் கேட்டவரை, நீ எந்தப் பங்கைச் சேர்ந்தவன் என்று குடைந்து எழுதிய வாக்குமூலங்கள்தான் இன்று அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் அரிய ஆதாரமாக இருக்கின்றன.

கடல் கடந்தவர்

ஒப்பந்தக் கூலியாகச் சென்றவரின் பதிவே எல்லாவற்றிலும் விரிவானது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற சுமார் 1,52,000 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியலில் ஆளின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு என வரிசையாக இருக்கும். ஊரில் எங்குமே எழுதப்படாத கூலிப்பெண்ணுக்கும் இதில் ஒரு வரி கிடைத்தது. மொரீஷியஸ் குடியேற்ற ஆவணங்கள் அந்நாட்டு மகாத்மா காந்தி நிலையத்திலும், பிஜித் தீவுக்கான குடியேற்றச் சீட்டுகள் அந்நாட்டுத் தேசியக் காப்பகத்திலும் உள்ளன. எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருக்கும். வாய்விட்டுப் படித்தால் பல தாமே தெளியும்.

இலங்கைக்குப் போனவரின் நிலை வேறு. அவர்கள் ஆள்சேர்க்கும் கங்காணியின் கடன் முன்பணத்தில் இராமேசுவரம், மன்னார் வழியே போனார்கள். அரசின் ஒப்பந்தப் பட்டியல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகர வில்லை கழுத்தில் தொங்கியது. மண்டபம் முகாமில் பதிவும் மருத்துவச் சோதனையும் நடந்தன. தோட்டத்தில் செக்ரோல் எனும் ஆள் பதிவேட்டில் பெயர் ஏறியது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை நிறுவச் சொன்னது. பிறப்புச் சீட்டு இல்லாத தோட்ட மக்கள் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. குடும்ப அட்டையோடு மண்டபத்தில் இறங்கியவர் பலருக்குத் தாத்தாவின் ஊர்ப்பெயர் ஒன்றுதான் இந்த நாட்டில் உறவு. மூதாதையரின் தாள் ஒரு மக்கள்கூட்டத்தின் தலைவிதியையே தீர்த்தது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இந்த வட்டாரத்துக்கு இல்லை.

ஆலைத் தொழிலாளர்

ஹார்வி குழுமம் 1892இல் மதுரை ரயில் நிலையத்தருகே ஆலையை நிறுவியது. கிராமத்து ஆட்கள் ஷிப்டுச் சங்குக்கு வேலைக்குப் போகும் வாழ்க்கை தொடங்கியது. 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1952இன் வருங்கால வைப்புநிதிச் சட்டமும் தொழிலாளியின் பெயர், பிறந்த ஆண்டு, வாரிசு ஆகியவற்றைத் தாளில் ஏற்றின. ஓய்வுபெற்றவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பி.எஃப். சீட்டு, சங்கச் சந்தா ரசீது, டோக்கன் ஆகியவையும் ஆதாரங்களே. 1951-52 பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல், சொத்தும் படிப்பும் பாராமல் வயது வந்தோர் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் பட்டியல் என்பதால் தனி மதிப்புடையது.

ஊர் வைத்த கணக்கு

அரசு ஏடு கைவிடும் இடத்தில் ஊரின் நோட்டு கைகொடுக்கிறது. குலதெய்வக் கும்பிடுக்கு வரி பிரிக்கும்போது கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. வரி நோட்டில் தலைக்கட்டுகள் வகையறா வகையறாவாக எழுதப்பட்டிருக்கும். சில நோட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தகப்பன் பெயர் இருந்த வரிசையில் மகன் பெயர்கள் வரும் ஆண்டு தெரிந்துவிடும். மதுரை, உசிலம்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பத்திரமாக இருக்கும் மொய் நோட்டு அடுத்தது. அதில் ஊர், பட்டப்பெயர், தகப்பன் பெயர், தொகை எல்லாம் இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஆளை அடையாளம் தெரியும்படி எழுதுவார்கள். தாய்மாமன் சீர் செய்தவர் பெயரைக் கொண்டு, ஆண்வழிக் கணக்கு மறைத்துவிடும் பெண்வழிக் குடும்பத்தைக் கண்டறியலாம்.

தேடும் முறை

பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். தாளைப் பிறகு பார்க்கலாம். குலதெய்வம் எது, கோயில் எந்த ஊரில், பங்காளிகள் யார், பெண் எடுத்த ஊர் எது, பட்டப்பெயர் என்ன ஆகிய ஐந்தும் தெரிந்தால் ஊரும் வகையறாவும் பிடிபடும். தமிழ் வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால் இரண்டு தலைமுறையை ஒருவராக்கிவிடும் பிழை எளிதில் நேரும். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதி, சேர்க்கைக்காக ஆசிரியர் போட்டதாக இருக்கலாம். ஒரு செய்தியை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு ஆதாரங்கள் சொன்னால் ஏற்கலாம்.

இவ்வகையில் மூன்று நான்கு தலைமுறை வரை செல்ல முடிந்தால் அது பெரிய வெற்றி. அதற்கான ஆதாரங்களில் மிகவும் ஆபத்தில் இருப்பவை வீட்டில் உள்ளவை: கரையான் அரிக்கும் வரி நோட்டு, வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பரோடு போகும் மொய் நோட்டு, எழுபது எண்பது வயதுக்காரரின் நினைவு. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, பெரியவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிந்து, ஊரையும் தேதியையும் குறித்து இரண்டு வீடுகளில் வைப்பது எந்தக் குடும்பமும் இன்றே செய்யக்கூடியது. கூலிக்காரரின் பெயரை இதுவரை பிறர் தம் தேவைக்காக எழுதினர். இனி அவருடைய பிள்ளைகளே அவருக்காக எழுத வேண்டும்.