வளனும் யாத்திரிகனும்: பிறந்தநாளுக்கு எந்த நூலைக் கேட்கலாம்?

வட்டக்கோட்டையைக் கற்கோட்டையாகக் கட்டியவர் டச்சுப் படை அதிகாரி டி லனாய். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைத்தலைவராக உயர்ந்தவர். அவருடைய நண்பர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை ஆடுமாடும் பயிரும் இழந்து மனம் உடைந்து கிடந்தபோது, டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்று குமரி மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த நண்பர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது.

இறையியல் இந்த மண்ணில் வேரூன்றிய விதம் இதுதான். ஒருவருக்குத் தேவைப்பட்ட வேளையில், வேறொரு மரபிலிருந்து வந்த மனிதர் அதைக் கதையாகக் கையளித்தார். பிறந்தநாளுக்கு ஓர் இறையியல் நூல் கேட்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் இல்லை. தமிழில் அப்படிக் கேட்கத் தகுந்த இரு பெருநூல்கள் உள்ளன: வீரமாமுனிவரின் தேம்பாவணி, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம்.

முன்னது 18ஆம் நூற்றாண்டு நூல். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி தமிழ்க் காப்பிய மரபுக்குள் முழுதாக இறங்கி எழுதியது. பின்னது 1894இல் நூலாக வந்தது. ஆதி பருவம் தொடங்கி இரட்சணிய பருவம் வரை 5 பருவம், 3,766 பாடல். நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான புலவர், ஜான் பனியனின் ஆங்கில நூலை வழிநூலாகக் கொண்டு பாடியது. அந்நியர் தமிழுக்குள் வந்ததால் ஒன்றும், தமிழர் அந்நிய நூலுக்குள் சென்றதால் மற்றொன்றும் பிறந்தன. கம்பனின் நிழல் இரண்டின் மேலும் விழுந்திருக்கிறது.

இரண்டுமே பயணக் கதைகள். ஆனால் பயணம் செய்கிறவர்கள் வேறு. தேம்பாவணியின் நாயகன் வளன், அதாவது சூசையப்பர். அவர் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டுதான் எகிப்துக்குப் போகிறார். அவருடைய புனிதம் குடும்பப் பொறுப்புக்குள்ளேயே விளைகிறது. நோயுற்றுக் கிடக்கும் நாளிலும் அவர் தனியாக இல்லை. அவருக்கு வானுலகில் முடிசூட்டுவதோடு காப்பியம் நிறைகிறது. பனியனின் யாத்திரிகனோ அழிவின் நகரத்தை விட்டுத் தனியாக ஓடுகிறவன். முதுகில் பாவச் சுமை. வீட்டார் உடன் வரவில்லை. அந்தச் சுமை சிலுவையண்டையில்தான் இறங்குகிறது. வேறு யாரும் அவனுக்காக நடக்க முடியாது. கத்தோலிக்க மரபின் உறவு உணர்வும், சீர்திருத்தத் திருச்சபையின் தனிமனித மனச்சான்றும் இந்த இரு கதைப்போக்குகளிலேயே தெளிவாகத் தெரிகின்றன.

துயரத்தை இருவரும் கையாளும் விதத்தைப் பாருங்கள். தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர். காட்டில் தாய் எலிசபெத்தை இழந்த அந்தப் பிள்ளை, குழியில் பூக்களைப் பரப்பி உடலை அடக்கம் செய்கிறான். மண்ணை மூடி, அதன்மேல் மலரையும் கண்ணீரையும் சேர்த்தே பெய்கிறான். அவன் புலம்பலைக் கேட்டுக் காடும் அழுகிறது. வீரமாமுனிவர் அந்த இடத்தில் உபதேசம் செய்ய அவசரப்படவில்லை; பிள்ளையை அழ விடுகிறார். இழப்புக்கு இறைநம்பிக்கை தரும் முதல் மரியாதை அது.

கிருஷ்ண பிள்ளை காட்டுவது நம்பிக்கைக்காக ஒருவன் கொடுக்கும் விலை. இரட்சணிய சரித படலத்தில் கட்டுண்டு நிற்கும் இயேசு, பழிப்பவர்களின் நடுவே எதிர்ச்சொல் சொல்லாமல் நிற்கிறார். மாயாபுரிச் சந்தையில் உயிரைக் கொடுக்கும், யாத்திரிகனின் தோழன் நிதானியின் கதை அந்தச் சிலுவையின் தொடர்ச்சி. தேவசகாயத்தின் வாழ்வின் முற்பாதிக்குக் கருணையனின் கண்ணீர் பொருந்தும். பிற்பாதிக்கு நிதானியின் உறுதி பொருந்தும்.

வாசிப்பு எளிமையில் யாத்திரிகம் ஒரு படி முன்னால் நிற்கிறது. நற்போதகம் இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து வாசகரைச் சென்றடைந்த நூல் அது. இடையிடையே தேவாரம் என்ற பெயரில் வரும் இசைப்பாடல்களைப் பாடியும் பழகலாம். தேம்பாவணியின் சொல்லாட்சி செறிவானது. உரை இல்லாமல் இறங்கினால் பலர் முதல் காண்டத்திலேயே நின்றுவிடுவார்கள். எதைக் கேட்டாலும் உரையோடு கூடிய பதிப்பையே கேளுங்கள்.

சரி, எதைக் கேட்பது? உங்கள் சபையின் நூலைக் கேட்காதீர்கள். அடுத்த சபையின் நூலைக் கேளுங்கள் என்பதே என் முடிவு. கோட்டாறு மறைமாவட்டத்துக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்குச் சூசையப்பரை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருவிழாவும் ஜெபமும் அதைச் செய்துவிட்டன. சுமையோடு தனியே நடப்பவனின் கேள்விகளை அந்தப் பிள்ளைக்குக் கிருஷ்ண பிள்ளை சொல்வார். 1806இல் சீர்திருத்தத் திருச்சபை மிஷனரி ரிங்கல்தௌபே வந்திறங்கிய மயிலாடி வழியில் வளர்ந்த சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை, பனியனின் மோட்சப் பிரயாணத்தைப் பாட்டி சொல்லவே கேட்டிருக்கக்கூடும். மனைவியோடும் குழந்தையோடும் நடந்தே விண்ணகம் சேர்ந்த வளனை அந்தப் பிள்ளை அறிய வேண்டும். இரண்டு மரபுக்கும் வெளியே நிற்கும் வாசகர், உயிரோட்டமான துயரத்தில் தொடங்கும்படி தேம்பாவணியை முதலில் எடுக்கலாம்.

பரிசு என்பது நம்மிடம் இல்லாததைத் தருவது. கிறிஸ்தவத்தின் இரு கிளைகளும் அருகருகே வாழும் நாஞ்சில் நாட்டில், ஒருவர் நூலை மற்றவர் கேட்டு வாங்கிப் படித்தாலே, பிரசங்க மேடைகளால் ஆகாத ஒற்றுமை வீட்டு அலமாரியில் தொடங்கிவிடும்.