ஊத்துக்குளி வெண்ணெய்: பேரு ஊருக்கு, பொறுப்பு யாருக்கு?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒண்ணு என்னை விடவே இல்லை. "ஃபிலடெல்ஃபியா போறவங்க சீஸ்ஸ்டேக் சாண்ட்விச் சாப்பிடாம திரும்ப மாட்டாங்க. அதுவும் காலங்காலமா ஒரே குடும்பம் நடத்துற கடையில. நம்ம திருப்பூர் பக்கம் அப்படி என்ன இருக்கு?" பனியனைத் தவிர வேற என்னதான் இருக்குன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

இருக்கு. ஊத்துக்குளி வெண்ணெய்.

முதல்ல அந்த அமெரிக்கக் கடையைச் சொல்லிடறேன், ஒரு ஒப்பீட்டுக்குத் தேவைப்படும். 1930-ல் பாட், ஹாரி ஒலிவியரி என்ற அண்ணன் தம்பி தெருவோரத்தில் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கறியை மெல்லிசா சீவி, வெங்காயத்தோடு வாட்டி, பன்னுக்குள்ள வச்சாங்க. அதுதான் தொடக்கம். சீஸ் பிற்பாடு சேர்ந்தது. 1966-ல் நேர் எதிரே இன்னொரு கடை வந்தது, பெயர் ஜீனோஸ். எது பெஸ்ட் என்ற சண்டை இன்னும் ஓயலை. ஆனா கவனிங்க, அங்க புகழ் கடையோட பேர்ல இருக்கு. பேருக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க.

ஊத்துக்குளியில் கதை தலைகீழ். கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ மளிகைக் கடைக்காரர் "ஊத்துக்குளி வெண்ணெய் இருக்குங்க"ன்னு சொல்லும்போது எந்தக் குடும்பம், எந்தக் கடைன்னு நாம கேக்கறதே இல்லை. ஊர்ப் பேரே பிராண்டு. அது எல்லாருக்கும் பொது. அதனால் அதைக் காப்பாற்றும் வேலை தனியாக யாருடையதும் இல்லை.

இந்தப் பேர் எப்படி வந்தது?

(இடையில ஒரு விஷயம். பொள்ளாச்சி பக்கம் ஜமீன் ஊத்துக்குளின்னு ஒரு ஊர் இருக்கு, காலிங்கராயர் குடும்பத்து ஊர். அது வேற. நாம பேசுறது திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவுல, கதித்தமலை முருகன் கோயில் இருக்கிற ஊத்துக்குளி.)

கொங்கு மேட்டாங்காட்டில் மழை குறைவு. விவசாயத்துக்குக் கிணறும் காளையும்தான் துணை. காளைன்னா காங்கேயம் காளை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேர்போன பண்ணை வைத்து வளர்த்த இனம் அது. ஏர் உழவும் கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா காங்கேயம் மாடு கறக்கிற பால் நாளைக்கு 2, 3 லிட்டர் தேறினாலே பெரிசு. அதுவும் கன்னுக்குப் போக மிச்சம்தான் நமக்கு. அதனால உழைப்புக்குக் காளை, பாலுக்கு எருமை என்று வீடுகள் பிரித்து வைத்துக்கொண்டன.

எருமைப் பாலில் கொழுப்பு சுமார் 7 சதவீதம், பசும்பாலில் 4 சதவீதம் சுமார். கணக்குப் போட்டால் 100 லிட்டர் எருமைப் பாலில் 8 கிலோ வெண்ணெய்க்குப் பக்கத்தில் எடுக்கலாம். நிறமும் சுத்த வெள்ளை, ஏன்னா பசும்பாலுக்கு மஞ்சள் தரும் கரோட்டின் எருமைப் பாலில் கிட்டத்தட்ட இல்லை. பாக்கெட்டில் வரும் டேபிள் பட்டரோட பளிச் மஞ்சள் பெரும்பாலும் சேர்க்கப்பட்ட நிறம். அதைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் மாவு உருண்டை மாதிரி தெரியும்.

குளிர்பதனம் இல்லாத காலத்தில் பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். வெண்ணெய் சில நாள் தாங்கும், உருக்கி நெய்யாக்கினால் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் சாயங்காலப் பாலை உறைய வச்சு, விடியக்காலையில மத்தால கடைஞ்சு, மோர் வீட்டுக்கும் காட்டு வேலை ஆளுங்களுக்கும், வெண்ணெய் வியாபாரிக்கும் போச்சு. வீட்டுப் பெண்கள் கையில் காசு புரண்ட சில வழிகளில் இதுவும் ஒன்று. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை போன ரயில் பாதை 1862-ல் முழுதாகத் திறந்தது. அந்தப் பாதையில்தான் ஊத்துக்குளி ஸ்டேஷன். சுற்றியிருக்கும் ஊர்கள்லயும் எருமை இருந்துச்சு, மத்து இருந்துச்சு. ஊத்துக்குளி பேர் மட்டும் ஒட்டிக்கிட்டதுக்கு ரயிலும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் வந்தது கலப்படம். 1937-ல் டால்டா சந்தைக்கு வந்தது. எண்ணெயைக் கெட்டியாக்கி நெய் மாதிரி ஆக்கினது. நெய்யில் கலந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அரசு செய்த வேலை சுவாரசியமானது: வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்கணும்னு விதி போட்டாங்க. ஏன்னா எள்ளில் இருக்கும் ஒரு பொருள், அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்தால் செக்கச்செவேல்னு நிறம் மாறும். அதுக்குப் பேர் போடுவின் சோதனை. திருடனோட சட்டையில முன்கூட்டியே மை தடவி வச்ச மாதிரி. அதே 1937-ல் வந்த சட்டத்தின் கீழ்தான் அக்மார்க் முத்திரையும். ஆனா ஆய்வகத்துக்கு எத்தனை பேர் போவாங்க? மீதி எல்லாம் கடைக்காரர் மேல் வைக்கிற நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையைப் பார்க்கத்தான் போன மாசம் ஸ்டேஷன் பக்கம் ஒரு குடும்பக் கடைக்குப் போனேன். கல்லாவில் மகன், உள்ளே அண்டாத் தண்ணியில் மிதக்கும் வெண்ணெய் உருண்டைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா. நான் ஒரு கிலோ கேட்டதும் அவர் கொஞ்சம் எடுத்து என் புறங்கையில் தேய்த்து, "மோந்து பாரு கண்ணு" என்றார். லேசான தயிர்ப் புளிப்பு, அதுக்குப் பின்னால பால் வாசம்.

"ஏம்மா, எங்க ஊர்ல எல்லாக் கடையிலயும் ஊத்துக்குளின்னு எழுதித்தான் விக்கறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"வெண்ணெயிலயா கண்ணு பேரு எழுதியிருக்குது? உருக்கிப் பாத்தாத் தெரிஞ்சு போகுது. வாசம் வரோணும், ஆறுனா மணல் மணலா உறையோணும்."

"எல்லாம் எருமைப் பால்தானுங்களா?"

அவர் மகனைப் பார்த்தார். மகன்தான் சொன்னார்: "முன்ன அப்படித்தானுங்க. இப்ப ரெண்டும் கலந்துதான் வருதுங்க. கேக்கறவங்ககிட்ட மறைக்கறது இல்லீங்க."

அந்த ஒரு பதிலுக்காகவே நான் அந்தக் கடைக்கு மறுபடி போவேன்.

தமிழ்நாட்டில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் எருமைகள் சுமார் 7.8 லட்சம். 2019-ல் சுமார் 5.2 லட்சம். ஏழு வருஷத்தில் மூன்றில் ஒன்று காணோம். டிராக்டரும் மோட்டாரும் காளையை வெளியே அனுப்பின. கலப்பினப் பசு வந்தது, சொசைட்டிக்குப் பாலாகவே ஊற்றினால் கடையும் வேலை மிச்சம். 1970-களின் கடைசியிலிருந்து பனியன் ஏற்றுமதி வளர்ந்தபோது, கம்பெனி வண்டி கிராமத்துக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றியது. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளுறதை விட ஷிப்ட் சம்பளம் பரவாயில்லைன்னு ஒரு பெண் முடிவு பண்ணினா, நான் குறை சொல்ல மாட்டேன்.

சாயக்கழிவை மட்டும் மன்னிக்க முடியலை. ஊத்துக்குளிக்குத் தென்கிழக்கே நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடித்தது, திருப்பூர் சாயத்தண்ணி தேங்கும் குட்டையா ஆச்சு. கிணறுகள் உப்பாயின, காடு விளையலை, மாட்டுக்குக் காட்டத் தண்ணி இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது வரைக்கும் வழக்கு போச்சு.

நீங்க போடுற டி-சர்ட்டும் உங்க தோசை மேல உருகுற வெண்ணெயும் ஒரே நிலத்தடித் தண்ணிக்குப் போட்டி போட்டவை. அதுல யார் ஜெயிச்சதுன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன்.

"எங்க வீட்டுல இப்ப ஒரே எருமைதான் கண்ணு. அதுவும் எங்களுக்குத் தயிருக்கு," என்றார். பிறகு வெண்ணெயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, பஸ்ஸுல வெயில் படாம வச்சுக்கச் சொன்னார்.