கூட்டைக் கலைக்காத கண்

வீட்டுத் தோட்டத்தில் அணிலும் காகமும் குயிலும் அருகருகே வாழும் வாழ்வைப் படமெடுப்பது இன்று எளிய செயல். கையிலுள்ள கைப்பேசியே போதும். ஆனால் இவ்வெளிய செயலுக்குப் பின்னே ஒரு மனமாற்றத்தின் வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பறவைகளை ஆராய்ந்தோர் பலர் அவற்றைச் சுட்டு வீழ்த்தியே ஆராய்ந்தனர். உடலைப் பாடம் செய்து கண்ணாடிப் பேழையில் நிறுத்துவதும், கூடுகளிலிருந்து முட்டைகளைத் திரட்டி அடுக்கி வைப்பதும் கற்றோரின் பொழுதுபோக்காக விளங்கின. ஒன்றை அறிய வேண்டுமாயின் அதைக் கைப்பற்ற வேண்டும் என்பதே அக்கால எண்ணம்.

இவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் ரிச்சர்டு கியர்டன் (1862–1928), செர்ரி கியர்டன் (1871–1940) என்னும் உடன்பிறந்தார் குறிப்பிடத்தக்கவர்கள். யார்க்ஷயர் மலைச்சிற்றூர் ஒன்றில் பிறந்து, லண்டன் பதிப்பகமொன்றில் பணிபுரிந்தவர்கள். 1892ஆம் ஆண்டு ஏப்ரலில், லண்டனின் வடபுறத்தே, முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றைச் செர்ரி படமெடுத்தார். சான்று கைக்கு வந்தது. முட்டைகளோ கூட்டிலேயே இருந்தன. 1895இல் இருவரும் வெளியிட்ட பறவைக்கூடுகள் பற்றிய நூல் முழுவதும் நிழற்படங்களால் விளக்கம் பெற்றது. சொந்த மண்ணின் உயிர்களைக் கவனித்துப் படமெடுக்கும் முறையைக் கற்பிக்கும் நூலொன்றையும் ரிச்சர்டு 1898இல் எழுதினார்.

அந்நாளைய கருவி கனமான பெட்டி. அதைத் தாங்க முக்காலி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு. பறவை அஞ்சாதிருக்க, மாட்டுத்தோல் போர்த்திய பொய்யெருதுக்குள்ளும், போலி மரத்தண்டுக்குள்ளும் அவர்கள் ஒளிந்திருந்தனர். காத்திருந்தவர்களுக்கே தாய்ப்பறவை இரையோடு திரும்பும் காட்சி கிட்டியது. பேழையிலிருந்த உடல் இறகின் நிறத்தைக் காட்டிற்று. உயிர்களுக்கிடையேயுள்ள உறவை அது காட்டவில்லை. பிரிட்டனில் காட்டுப்பறவைகளின் முட்டைகளை எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுத்தது 1954இல்தான்.

நம் மண்ணிலும் இவ்வழியே நடந்தவர் ஒருவர் உண்டு. புதின முன்னோடி அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிய கேமராவால் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 1950 முதல் இறுதிவரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கைக் குறிப்புகள் வரைந்தார். 1961இல் வெளியான அவரது நூலின் தலைப்பே கானகத்தையும் கொல்லைப்புறத்தையும் ஒருங்கே சுட்டியது. யானையைக் கண்ட அதே கருத்தோடு அவர் அணிலையும் கண்டார்.

நம் கொல்லைப்புறங்களில் காண்பதற்கு என்ன குறை? காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுகிறது; தன்னுடையதல்லாத குஞ்சுக்குக் காகம் இரையூட்டுகிறது. பூனை நுழைந்ததும் அணில் கீச்சிடத் தவிட்டுக்குருவிகள் திரண்டு ஆரவாரிக்கின்றன. இவற்றைப் படமெடுக்கும் ஆவலில் கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டால், நமக்குத் தெரியும் குஞ்சு பூனைக்கும் காகத்துக்கும் தெரிந்துவிடும். படம் நமக்குக் கிடைக்கும். குஞ்சு தாய்க்குக் கிடைக்காது. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவைகளின் முட்டைகளைச் சிதைப்பதையும் கூடுகளைக் குலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. துப்பாக்கி ஏந்தாமலும் வேட்டையாட இயலும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

இறைவன் மனிதனை ஒரு தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பை அளித்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. பறவைகளை உடன்பிறப்புகளாகக் கருதிய அசிசி நகர்ப் புனித பிரான்சிசைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979இல் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். சிட்டுக்குருவியையும் மறவாத தந்தையின் பிள்ளைகள் நாம். ஆகவே, கேமராவோடு தோட்டத்தில் இறங்குகையில் முதலில் சற்றுத் தொலைவில் அமர்வோம். கிளையை அதன் இடத்திலேயே விட்டுவைப்போம். அன்று படம் வாய்க்காது போகலாம். கூடு நிலைத்திருந்தால் மறுநாளும் தாய் இரையோடு வரும்.