பிளாக் ஏஞ்சல்ஸ்

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம் (1929–2022) எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவற்றை மின்பெருக்கியோடு இணைத்து வாசிக்கும் அறையிசைப் படைப்பு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதப்பட்ட இதன் இசைப்பிரதியில் 1970 மார்ச் 13, வெள்ளிக்கிழமை என்ற நாளும், ‘போர்க்காலத்தில்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரும் உள்ளன. அவ்வாண்டு அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ஸ்டான்லி குவார்ட்டெட் இதை அரங்கேற்றியது. கிறீச்சிடும் தந்திகள், மராக்கஸ், பல மொழிகளில் எண்களை உச்சரிக்கும் கலைஞர்கள் என வினோத ஒலிகளாலேயே இது பேர்பெற்றது. அவ்வளவையும் ஒரு கட்டுக்குள் நிறுத்துவது, எந்தப் பகுதியில் எத்தனை பேர் முன்நிற்கிறார்கள் என்ற கணக்குதான்.

மொத்தம் 13 பகுதிகள். முதல் பகுதியில் நால்வர், அடுத்து மூவர், இருவர், ஒருவர். பிறகு இருவர், மூவர் என்று ஏறி 7-ஆம் பகுதியில் மறுபடி நால்வர். அங்கிருந்து அதே இறக்கமும் ஏற்றமும் 13 வரை. நால்வரும் சேரும் 1, 7, 13 மூன்றும் இரங்கற்பாக்கள். தனிக்குரலுக்கு உரிய 4, 10 இரண்டும் நேர் எதிரிகள். 4-ஆவதான ‘பிசாசு இசை’யில் முதல் வயலின் மூர்க்கமாக முன்நிற்கிறது. 10-ஆவதான ‘கடவுள் இசை’யில் மற்ற மூவரும் தம் கருவிகளை விட்டுவிட்டு, நீரூற்றிச் சுதி சேர்த்த கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை வில்லால் தேய்க்க, அந்த மெல்லிய ரீங்காரத்தின் மேல் செல்லோ உச்ச ஸ்தாயியில் பாடுகிறது. படைப்பின் மிக அழகான நிமிடங்கள் இவை.

7, 13 என்ற எண்களைச் சுற்றிய விளையாட்டு தாளில்தான் இருக்கிறது, காதுக்கு எட்டாது என்று ஒரு மறுப்பு உண்டு. சுரங்களுக்கு இடையே 7 அரைச்சுரம் (ச–ப தூரம்), 13 அரைச்சுரம் என்று கிரம் வைத்த இடைவெளிகளை யாரும் எண்ணிக்கொண்டு கேட்பதில்லை. அந்த அளவில் மறுப்பு சரியே. ஆனால் நான்கு குரல் ஒன்றாக மெலிவதும் மறுபடி அடர்வதும் எந்தக் காதுக்கும் தெரியும். மேடைக் காட்சிதான் இதன் பலம் என்ற வாதமும் நிற்காது: 1973-இல் வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் இதை வானொலியில் கேட்ட பிறகே குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார்.

இன்னும் வலுவான கேள்வி, இத்தனை சமச்சீரான வடிவம் போரின் குலைவைச் சொல்லுமா என்பது. இங்கேதான் கிரமின் நுட்பம். அதே 13 பகுதிகளைப் ‘புறப்பாடு’, ‘இன்மை’, ‘திரும்புதல்’ என்று 5, 4, 4 ஆகவும் பிரித்திருக்கிறார். சமச்சீரின் நடுமையமான 7-ஆம் இரங்கற்பா இன்மைக்குள் விழுகிறது. ஆன்மாவின் வீழ்ச்சியிலிருந்து மீட்பு வரையிலான பயணம் என்று அவர் இதை விளக்கினாலும், ‘கடவுள் இசை’ முடிவில் வரவில்லை. திரும்புதலின் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. கணக்குப்படி கடைசியில் நால்வரும் கூடவேண்டும். கூடும்போது வாசிப்பது மூன்றாம் இரங்கற்பா, ‘மின்பூச்சிகளின் இரவு’.