கண் பரிசோதனையில் தோற்ற ஓட்டுநர்கள்

விழுப்புரத்தில் ரயிலையோ பஸ்ஸையோ நம்பிப் பிழைக்காத தெரு குறைவு. ஊர் நடுவே ஜங்ஷன். சாலாமேட்டில் போக்குவரத்துக் கழகத் தலைமையகம். இரண்டிலும் ஒருவருடைய வேலையை ஒரே நாளில் பறிக்கக்கூடியது கண் பரிசோதனை.

அதன் கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. 1875 நவம்பரில் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். சிக்னலின் நிறம் பிடிபடாததே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார் உடலியல் அறிஞர் ஹோம்கிரென். பல நிறக் கம்பளி நூல்கண்டுகளைக் குவித்து, ஒரு பச்சைக் கண்டைக் கையில் கொடுத்து, அதற்கு இணையானதைப் பொறுக்கச் சொன்னார். நிறக்குருடு உள்ளவர்கள் சாம்பலையும் பழுப்பையும் சேர்த்து எடுத்தார்கள். 1917-ல் டோக்கியோ மருத்துவர் இஷிஹாரா புள்ளிப் படப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பக்கத்தில் மற்றவர்களுக்கு 74 தெரியும். சிவப்பு, பச்சை பிரித்தறியாத கண்ணுக்கு 21 தெரியும்.

அந்தப் புத்தகம் பஸ் ஓட்டுநர்களின் கையிலும் வந்து சேர்ந்தது. விழுப்புரத்தில் 1975-ல் தந்தை பெரியார் பெயரில் தொடங்கிய போக்குவரத்துக் கழகம், 1997-ல் பெயர் மாறி இன்றைய அரசுக் கழகமானது. திண்டிவனத்தில் சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் பிரியும் இடத்தில் பல வருடம் பஸ்ஸை லாவகமாகத் திருப்பிய ஓட்டுநராக இருந்தாலும், மெடிக்கல் போர்டு 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் தவறில்லை. அடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியதுதான் அநியாயம்.

அரசு ஊழியருக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே 'இயலாமை ஓய்வூதியம்' உண்டு. போக்குவரத்துத் தொழிலாளிக்கு முன்பு அதுகூட இருந்ததில்லை. கழகங்களின் ஓய்வூதியத் திட்டம் 1998 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் வெளியேறியவர் பி.எஃப்., கிராஜுவிட்டியோடு மிச்ச வாழ்நாளை ஓட்ட வேண்டியிருந்தது.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் இதை மாற்றியது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். இல்லையென்றால் ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்றது 47-ஆம் பிரிவு. காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது என 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

ஆனாலும் ஓட்டுநர்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை வந்தது. சட்டம் பட்டியலிட்ட 7 ஊனங்களில் நிறக்குருடு இல்லை, ஆகவே பாதுகாப்பும் இல்லை என்று கழகங்கள் வாதாடின. கண் கெட்டது என்றுதான் வேலையை எடுக்கிறார்கள். அதே கண்ணில் ஊனமே இல்லை என்று சலுகையை மறுக்கிறார்கள்! மதுரைக் கழக ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அவருக்கும் மாற்றுப்பணி உண்டு என்றது. டிப்போவில் லைட் டூட்டி கேட்டு நின்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய பிடிமானம். அரசு நிறுவனங்களுக்கு இதே கடமையை, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் விதிக்கிறது.

வழக்குகள் ஓயவில்லை. நிறக்குருட்டால் நீக்கப்பட்ட தெலங்கானா பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தரும்படி 2025-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் வேலையில்லாமல் கழிந்த காலத்துக்கு அவருக்குக் கிடைத்தது நிலுவைச் சம்பளத்தில் 25 சதவீதம்தான்.