ஊவாத் தோட்டங்களும் முழங்காலும்: மருத்துவச் சட்ட வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஊவா மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும், கோப்பியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும், தேயிலையின் பரம்பலையும், புகையிரதப் பாதையின் வருகையையும் விரிவாகக் கூறியுள்ளனர். அத்தோட்டங்களை உண்டாக்கிய தமிழ்த் தொழிலாளரின் குடிப்பெயர்வு, கூலி, குடியுரிமை என்பன பற்றியும் நூல்கள் பல உள. ஆயின், அத்தொழிலாளரின் உடலைப் பற்றி, அதிலும் மலைச்சரிவில் நாடோறும் ஏறியும் இறங்கியும் தேய்ந்த முழங்காலைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிதே. இன்று முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை என்னும் தொடர் பதுளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களிலும் வழங்கத் தொடங்கியுள்ளது. தாயின் காலுக்காகத் தனியார் வைத்தியசாலையை நாடுவதா, அரச வைத்தியசாலையில் முறைவரும்வரை காத்திருப்பதா என்னும் வினா வீட்டு முற்றங்களில் எழுகின்றது. இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூற்றைம்பது ஆண்டுச் சட்ட வரலாறு ஒன்று இதன் பின்னே நிற்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வரலாறு நடையிலே தொடங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளையை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். மாத்தளையையும் கண்டியையும் அடைந்தபின் ஊவாவுக்குச் செல்வோர்க்கு மேலும் பல நாள் மலைவழி எஞ்சியிருந்தது. புகையிரதம் பண்டாரவளையை அடைந்தது 1894இல். பதுளையை அடைந்தது 1924இல். தலைமன்னார்ப் பாதை 1914இலேதான் திறக்கப்பட்டது. ஆகவே, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை ஆகிய பகுதிகளின் முதற் றலைமுறையினர் காலை நம்பியே வந்தனர். வந்தபின்னும் காலை நம்பியே பிழைத்தனர்.

இவர்களின் நோய்க்குப் பொறுப்பானவர் யார் என்னும் கேள்வி விரைவில் எழுந்தது. தோட்டத்துரைமார் அரசைச் சுட்டினர். அரசு துரைமாரைச் சுட்டியது. இந்த வழக்காட்டின் விளைவே 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். அதன்படி பயிர்செய் நிலங்கள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. வைத்திய உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டனர். செலவின் ஒரு பகுதியைத் தோட்டங்களே ஏற்றன. 1880இலும் அதன் பின்னரும் சட்டம் திருத்தப்பட்டது. நிலத்தின் ஏக்கர் அளவின்மேல் இருந்த வரி பின்னர் ஏற்றுமதிப் பொருளின்மேல் மாற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டிலே இரண்டு கட்டளைச் சட்டங்கள் இவையனைத்தையும் ஒழுங்குபடுத்தின.

இச்சட்டங்கள் பயனற்றவை என்று கூறுதல் நேர்மையாகாது. அவற்றின்படி லயங்களைச் சுகாதாரமாக வைத்தல் தோட்ட நிருவாகத்தின் கடமையாயிற்று. பிரசவித்த பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும் என்றும், நோயாளரைப் பற்றி மாவட்ட வைத்திய உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 1916 முதல் அமெரிக்க ரொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடைபெற்றது. ஆயினும் இவற்றை ஒருங்கே நோக்குவோர்க்கு ஒரு பொதுத்தன்மை புலப்படும். சட்டம் கண்ணுற்ற நோய்கள் இருவகையின. ஒன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது. மற்றொன்று, நாளைய வேலையை இன்றே நிறுத்துவது. காய்ச்சல், வயிற்றோட்டம், புழுநோய், மகப்பேறு யாவும் இவ்விரு வகையுள் அடங்கும். முழங்காற் றேய்வோ பரவுவதுமன்று; வேலையை ஒரே நாளில் நிறுத்துவதுமன்று. அது இருபது முப்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல வளர்வது. அதனாற் சட்டத்தின் கண்ணுக்கு அது தென்படவில்லை.

ஊவாவின் வரலாற்றிலேயே இதற்கு எதிரான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலிற் காணப்பட்டது மடுல்சீமைப் பகுதியிலேயாம். அந்நோயை ஆராய்வதற்கென மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர் அழைக்கப்பட்டு, 1880 முதல் 1882 வரை இலங்கையிலே தங்கி ஆய்வு நடாத்தினார். இலையின் நோயை நுணுக்கிக் கண்ட காலத்தில், அப்பயிருக்காக உழைத்தவரின் மூட்டினை ஆராய எவரும் வந்திலர். பயிரின் கேடு கணக்கேட்டில் நட்டமாகத் தெரிந்தது. மூட்டின் கேடு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

1934ஆம் ஆண்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தொழிலால் வந்த கேட்டுக்குத் தொழில்கொள்வோர் ஈடு செய்தல் வேண்டும் என்னும் கொள்கையை இது நாட்டிற்று. எனினும் ஈடு கிடைப்பது விபத்துக்கும், அட்டவணையிற் பெயர் குறித்த தொழில்நோய்களுக்குமே. விபத்துக்கு ஒரு நாளும் ஒரு நேரமும் உண்டு. சாட்சி கூறுவோரும் உண்டு. தேய்வுக்கு இவையாவும் இல. காலையிற் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, கூடையை முதுகிலேற்றி, செங்குத்தான மலைக்கு ஏறி, கொழுந்து நிறுவைக்காக மீண்டும் இறங்கி வரும் ஒரு பெண்ணின் முழங்கால் எந்நாளிற் பழுதுற்றது என்று யார் கூறவல்லார்? தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்திய உதவியாளர் காய்ச்சலை அளந்தார், புண்ணுக்கு மருந்திட்டார். மூட்டுவலிக்குக் கிடைத்தவை ஒரு தைலமும் சில குளிசைகளுமே. நாட்கூலிக்கு உழைப்பவர் வலிக்கிறதென்று வீட்டில் இருந்தால் அன்றைய பேர் இல்லை. ஆகவே வலியோடு மலையேறுதலே வழக்கமாயிற்று.

முழங்கால் தேய்தற்குக் காரணம் தோட்டத் தொழில் ஒன்றே என்று துணிதல் பொருந்தாது. முதுமை, உடற்பருமன், பரம்பரை, முன்னர் நேர்ந்த காயம் என்பனவும் காரணங்களாம். எனினும் பாரஞ் சுமத்தல், முழந்தாளிடுதல், குந்தியிருந்து எழுதல் முதலியவற்றைப் பல்லாண்டு செய்யுந் தொழிலாளரிடையே இந்நோய் மிகுதி எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. சரிவில் இறங்கும்போது முழங்காற் சில்லின் பின்புறத்தில் உடலெடையினும் பன்மடங்கு அழுத்தம் விழுகின்றது. என்பின் முனைகளைப் போர்த்திருக்கும் வழவழப்பான கசியிழையம் தேய்ந்தபின் என்போடு என்பு உராய்கின்றது. அவ்விழையம் மீண்டும் வளர்வது அரிது.

இதற்கான சத்திரசிகிச்சையின் வரலாறும் தோட்ட வரலாறும் ஒரே காலத்தில் நடந்தன என்பது நோக்கற்பாலது. பேர்லின் நகரில் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் யானைத் தந்தத்தாற் செய்த முழங்கால் மூட்டொன்றை நோயாளர் ஒருவருக்குப் பொருத்தியது 1890இல். அதே ஆண்டிலேதான் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். குளுக்கின் முயற்சி கிருமித்தொற்றினால் நிலைக்கவில்லை. 1962இல் இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி உலோகமும் உறுதியான பொலித்தீனும் இணைந்த இடுப்பு மூட்டை நிலைபெறச் செய்தார். அவரிடம் பயின்ற கனேடியரான பிராங் கன்ஸ்டன் 1968இல் அம்முறையை முழங்காலுக்குப் பயன்படுத்தினார். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சோல் முதலியோர் உருவாக்கிய மூட்டே இன்றைய மாற்றுமூட்டுக்கு முன்மாதிரியாயிற்று. அக்காலத்திலே, 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டினால், இலங்கைத் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. உலகின் ஒரு பகுதியில் மூட்டினை மாற்றும் வழி பிறந்தபோது, மற்றொரு பகுதியில் உண்ண மாவும் அரிசியும் கிடைத்தில.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. இது நாட்டின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்களுடைய மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே பெரிதும் எஞ்சிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையாற் பலர் கடல்கடந்து சென்றனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே பெரும்பாலும் தீர்ந்தது. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது 1990களிலே தொடங்கிற்று. எனவே, நாட்டின் ஏனையோர் இலவச மருத்துவத்தின்கீழ் வந்து நாற்பதாண்டு கழிந்தபின்னரே தோட்டமக்கள் அதனுள் முறையாக நுழையத் தொடங்கினர்.

இப்பின்னணியிலேதான் தனியார் வைத்தியசாலையை நோக்குதல் வேண்டும். அரச வைத்தியசாலைகளிலும் முழங்கால் மாற்றுச் சிகிச்சை நடைபெறுகின்றது. ஆயினும் நோயாளர் மிகுதி, காத்திருப்பு நெடிது. தனியார் வைத்தியசாலையிற் காத்திருப்பு இல்லை, விலை உண்டு. நிபுணரின் திறமையையும் தாதியரின் கவனிப்பையும் குறைத்துக் கூறுதல் தகாது. சத்திரசிகிச்சை ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் முடிகின்றது. தொடையென்பின் கீழ்முனையும் காலென்பின் மேன்முனையும் அளந்து சீவப்பட்டு, உலோகக் கவசங்கள் பொருத்தப்பட்டு, இடையிற் பொலித்தீன் தட்டு வைக்கப்படுகின்றது. மறுநாளே நோயாளரை எழுப்பி நடத்துவர். தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இத்தகைய மூட்டுகளுள் பத்தில் எட்டு இருபத்தைந்து ஆண்டு நிலைத்தன. ஆகவே சிகிச்சையின் பயனில் ஐயமில்லை. ஐயம் எழுவது செலவை ஏற்பவர் யார் என்பதிலேயாம்.

தேயிலைத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படையாக 1,350 ரூபாவாகவும் நிருணயிக்கப்பட்டது. பல இலட்சம் ரூபா வேண்டும் சிகிச்சைக்கு இது ஈடாகாது என்பது வெளிப்படை. எஞ்சியிருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிதியின் ஒரு பகுதியை மருத்துவத்துக்காக முன்கூட்டியே பெற வழிசெய்தது. உழைத்தவரின் முதுமைக்கெனச் சேர்ந்த பணம், உழைப்பினாற் றேய்ந்த மூட்டுக்கே செல்லும் நிலை இதனால் உண்டாகின்றது. தொழில் கொண்டுசென்ற காலைத் தொழிலாளரே தம் பணத்தால் மீட்கின்றனர். நிதி போதாதவிடத்துக் காதணியும், கொழும்பிலே கடைகளில் வேலைசெய்யும் மகனின் கடனும், மத்திய கிழக்கிலுள்ள மகளின் வியர்வையும் சேருகின்றன.

சிகிச்சையோடு செலவு முடிவதுமில்லை. கொழும்பிலிருந்து பதுளைக்கு இருப்புப்பாதை வழி ஏறத்தாழ 290 கிலோமீட்டர். புகையிரதத்திலிருந்து இறங்கியபின், வாகனஞ் செல்லாத ஒற்றையடிப் பாதையும் லயத்தின் உயர்ந்த படிகளும் காத்திருக்கின்றன. புதிய மூட்டுக்கு முறையான உடற்பயிற்சி சில மாதம் வேண்டும். குந்தியிருத்தலைத் தவிர்த்தல் வேண்டும். குந்தும் கழிவறையும், தரையில் அமர்ந்து சமைக்கும் அடுப்பங்கரையும் உள்ள வீட்டில் இவ்வறிவுரையைக் காத்தல் எளிதன்று. மூட்டினை மாற்றுவது வைத்தியரின் செயல். அது பயன்பட வேண்டுமாயின் வீடும் பாதையும் மாறுதல் வேண்டும்.

இவற்றால் நாம் அடையும் முடிபு இதுவாகும். நூற்றைம்பது ஆண்டுகளாக ஊவாத் தோட்டங்களின் மருத்துவச் சட்டங்கள் திடீரென வரும் கேட்டைக் கணித்தன; மெல்ல வருங் கேட்டைக் கணித்தில. தனியார் வைத்தியசாலையின் கட்டணச் சீட்டு அக்கணிப்பின் இறுதித் தொகையேயன்றி வேறன்று. நீண்டகாலத் தேய்வையும் தொழில்நோயாகக் கருதும் திருத்தம், மலைநாட்டு அரச வைத்தியசாலைகளில் என்புமுறிவு, மூட்டுச் சிகிச்சைப் பிரிவுகளின் விரிவு, லயங்களுக்கு மாறாகச் சமதரையில் அமைந்த வீடுகள், தோட்டத்திலேயே உடற்பயிற்சி கற்பிக்கும் ஊழியர் என்னும் நான்கும் இக்குறையை நீக்க வல்லன.

இம்மலரைப் படிக்கும் மாணவருள் வைத்தியராவோரும் வழக்கறிஞராவோரும் ஆசிரியராவோரும் உளர். பழைய மாணவருட் சிலர் தம் தாயாரின் காலுக்காகப் பணஞ் செலுத்தியவருமாவர். ஊவா மலைகளின் பாடசாலைக் கொப்பிகளையும் சீருடைகளையும் வாங்கித் தந்த பணம் அச்சரிவுகளில் ஏறி இறங்கிய கால்களே ஈட்டியது. அக்கால்களின் கணக்கை எழுதுதல் வரலாறு கற்போரின் கடமை. அதனைத் தீர்த்தல் சட்டம் இயற்றுவோரின் கடமை.